பொம்மைக்கு முதலில், பிள்ளைக்கு அப்புறம்: உடம்பின் தேவையை விளையாட்டில் கற்றுக்கொடுக்க ஒரு முழு வழிகாட்டி

மூன்று வயதுப் பிள்ளையிடம் "ஒன்னுக்கு வருதா?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் "வரல" என்றுதான் பதில் வரும். ஐந்து நிமிடத்தில் ஜட்டி நனைந்திருக்கும். பிள்ளை பொய் சொல்லவில்லை. அடிவயிற்றில் ஏதோ இறுக்கமாக இருப்பது அதற்குத் தெரிகிறது. அந்த இறுக்கத்துக்கும் கழிவறைக்கும் என்ன சம்பந்தம் என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை. பசியிலும் இதே கதைதான். வயிறு காய்ந்த பிள்ளை "பசிக்குது" என்று சொல்லாமல் தம்பியைக் கிள்ளும். தூக்கம் சொக்கும் பிள்ளை "எனக்குத் தூக்கம் வரல" என்று ஊரைக் கூட்டும்.

பர்மாவில், ரங்கூனிலும் பெகுவிலும் மோல்மீனிலும் வீட்டுக்குள் தமிழும் வாசலைத் தாண்டினால் பர்மியமும் பேசி வளரும் 2 முதல் 5 வயதுப் பிள்ளைகளை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். சொல்லவருவது இதுதான்: நாம் எல்லோரும் தேவையைப் பற்றி மட்டும் கேட்கிறோம். "வருதா? பசிக்குதா? தூக்கமா?" தேவை தீர்ந்ததும் உடம்பில் வருகிற சுகத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. பிள்ளையின் கவனத்தை உடம்பின் பக்கம் திருப்புவது அந்தச் சுகம்தான். அதைக் காட்ட ஒரு துணிப் பொம்மை போதும்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது

சிறுநீர்ப்பை நிறைய நிறைய அதன் சுவர் இழுபடுகிறது. சுவரில் உள்ள நரம்புகள் அதைத் தண்டுவடம் வழியாக மூளைக்குச் சொல்கின்றன. கைக்குழந்தைக்கு அந்தப் பை நிறைந்ததும் தானாகவே சுருங்கிவிடும். செய்தியைக் கவனித்து, கொஞ்சம் பிடித்துவைத்து, இடம் வந்ததும் விடுவது பொதுவாக 2 வயதுக்கும் 4 வயதுக்கும் நடுவில் கூடிவரும் திறமை. பை எவ்வளவு கொள்ளும் என்பதற்குக் குழந்தை மருத்துவர்களிடம் ஒரு கணக்கு உண்டு: வயதோடு 1 கூட்டி, 30ஆல் பெருக்குங்கள். 3 வயதுக்கு ஏறக்குறைய 120 மில்லிலிட்டர், அதாவது ஒரு சின்ன டீக் கிளாஸ். "இப்பத்தானே போயிட்டு வந்தே, அதுக்குள்ளயா?" என்று அதட்டும் முன் இதை நினைத்துக்கொள்ளலாம்.

உடம்புக்குள்ளிருந்து வரும் உணர்வுகளைப் பார்ப்பது, கேட்பது போன்றவற்றிலிருந்து பிரித்து, தனி வகையாகப் பெயரிட்டவர் ஆங்கிலேய உடலியல் அறிஞர் சார்லஸ் ஷெரிங்டன், 1906இல். நம் சித்த மருத்துவமோ அடக்கக்கூடாத 14 வேகங்கள் என்று ஒரு பட்டியலே வைத்திருக்கிறது. சிறுநீர், மலம், பசி, தாகம், தூக்கம், கொட்டாவி, தும்மல், இருமல், வாந்தி எல்லாம் அதில் உண்டு. கண்ணீரும் உண்டு. எனக்கு அந்தப் பட்டியலில் மிகவும் பிடித்தது அதுதான். விழுந்து அடிபட்ட பிள்ளையிடம் "அழாதே, அழாதே" என்று சொல்லும்போது, உடம்பு தானாகத் தேடிக்கொள்ளும் ஓர் ஆறுதலை நாம் பிடுங்கிவிடுகிறோம்.

விளையாட்டு ஏன்

ஒன்றரை வயதிலிருந்து இரண்டு வயதுக்குள் பிள்ளைகள் பொம்மைக்குச் சோறூட்டத் தொடங்குகிறார்கள். கொஞ்ச நாளில் பொம்மைக்குப் பசிக்கும், காய்ச்சல் வரும், கோபம் வரும். தன் உடம்புக்குள் நடப்பதைக் கண்ணால் பார்க்க முடியாது, பொம்மைக்கு நடப்பதைப் பார்க்கலாம். பொம்மை நனைத்துக்கொண்டால் வெட்கம் பொம்மைக்குத்தான். பிள்ளை நிம்மதியாக யோசிக்கும்.

இது புது யோசனை அல்ல. 1970களில் அமெரிக்க உளவியலாளர்கள் நேதன் அஸ்ரினும் ரிச்சர்ட் ஃபாக்ஸும் கழிவறைப் பழக்கம் கற்பிக்க, தண்ணீர் குடித்து ஒன்னுக்குப் போகும் பொம்மையைப் பயன்படுத்தினார்கள். பிள்ளை முதலில் பொம்மைக்குக் கற்றுக்கொடுக்கும், பிறகு தானும் செய்யும். ஆனால் அவர்கள் ஒரே நாளில் முடித்துவிடப் பார்த்தார்கள். நனைத்துவிட்டால் திரும்பத் திரும்பக் கழிவறைக்கு நடக்கவைக்கும் கண்டிப்பும் அதில் இருந்தது. பொம்மையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், அவசரத்தை விட்டுவிடுங்கள்.

படி 1: சில நாள் பேசாமல் பாருங்கள்

எதையும் தொடங்கும் முன், பிள்ளையின் உடம்பு எப்படிப் பேசுகிறது என்று கவனியுங்கள். ஒன்னுக்கு முட்டும்போது ஒரு பிள்ளை காலைப் பின்னிக்கொள்ளும், இன்னொன்று நுனிக்காலில் நிற்கும், வேறொன்று சட்டென்று பேச்சை நிறுத்தி வெறிக்கும். ரெண்டுக்கு வரும்போது கதவிடுக்கில் அல்லது திரைச்சீலைக்குப் பின்னால் ஒதுங்கும் பிள்ளைகள் நிறைய. தண்ணீர் குடித்த நேரம், போன நேரம், கண்ட அடையாளம் மூன்றையும் காலண்டர் ஓரத்தில் கிறுக்கி வையுங்கள். பெரிய நோட்டுப்புத்தகம் வேண்டாம்.

டயப்பர் போடுகிற பிள்ளையாக இருந்தால், இந்த நாட்களில் வீட்டில் இருக்கும்போதாவது பருத்தி ஜட்டிக்கு மாற்றுங்கள். இன்றைய டயப்பர் ஈரத்தை உடனே உறிஞ்சிவிடுவதால் நனைந்தது எது, காய்ந்தது எது என்றே பிள்ளைக்குத் தெரிவதில்லை. மார்ச் முதல் மே வரையிலான வெயில் காலம் இதற்கு ஏற்றது. தரையைத் துடைத்தால் உடனே காயும், துணி ஒரு மணி நேரத்தில் காயும். ஜூனில் பள்ளி திறப்பதற்குள் கைவசம் நாளும் இருக்கும். மழைக்காலத்தில் தொடங்கினால் ஈரத் துணியோடு மல்லாட வேண்டியிருக்கும், குளிரில் பிள்ளைக்கு அடிக்கடி வேறு முட்டும்.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு தேவையை எடுத்துக்கொள்ளுங்கள். கீழே ஒன்னுக்கை வைத்தே சொல்கிறேன். மற்றதற்கும் வழி இதேதான்.

படி 2: வயிறு உள்ள பொம்மை

பழைய கைலித் துணியில் ஒரு முழ நீளத்துக்கு ஒரு பொம்மை தைத்துக்கொள்ளுங்கள். கை கால் நீளமாக இருக்கட்டும், குத்தவைக்க வசதி. வயிற்றுப் பக்கம் தைக்காமல் ஒரு பை போல விட்டு, அதற்குள் அமுக்கினால் அமுங்கும் காலி சாஸ் பாட்டில் ஒன்றை மூடி கீழே இருக்கும்படி செருகுங்கள். மூடியின் ஓட்டை பொம்மையின் கால்களுக்கு நடுவில் வரவேண்டும். ஓட்டைக்கு ஒரு சின்ன அடைப்பு. இதுதான் சிறுநீர்ப்பை.

வயிற்றை நிரப்ப ஆசைப்பட்டுப் புளியங்கொட்டை, பட்டாணி, பலூன் எதையும் போடாதீர்கள். இந்த வயதில் கொட்டை மூக்குக்குள் போகும், கிழிந்த பலூன் தொண்டையை அடைக்கும். பாட்டிலின் அடைப்பும் பெரியவர் கையிலேயே இருக்கட்டும்.

பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, பிள்ளையின் கையை எடுத்துப் பொம்மையின் வயிற்றில் வையுங்கள். "அமுக்கிப் பாரு. கெட்டியா இருக்கா?" அதன் எடையையும் தூக்கிப் பார்க்கட்டும். அடைப்பை எடுத்து, ஒரு கிண்ணத்தின் மேல் பிடித்து, பிள்ளையையே அமுக்கச் சொல்லுங்கள். சர்ரென்று வரும். பிள்ளை சிரித்து முடித்ததும், கையை மறுபடி அதே இடத்தில் வையுங்கள். "இப்ப?" தொளதொளவென்று இருக்கும், தூக்கினால் லேசாக இருக்கும். இறுக்கம், விடுதல், லேசு என்ற மூன்றையும் பிள்ளை தன் விரலாலேயே தொட்டுப் பார்த்துவிட்டது. அன்றைக்கு இவ்வளவு போதும்.

படி 3: அடையாளத்தைப் பொம்மையில் காட்டுங்கள்

படி 1இல் உங்கள் பிள்ளையிடம் பார்த்த அடையாளத்தையே பொம்மைக்குக் கொடுங்கள். பிள்ளை நுனிக்காலில் நிற்கிறதென்றால் பொம்மையும் நுனிக்காலில் நிற்கட்டும். அப்பத்தா வீட்டில் இருந்தால் அவர்தான் இதற்குச் சரியான ஆள், ஆற அமரச் செய்வார்.

"பாப்பா ரயில் விட்டுக்கிட்டு இருந்துச்சாம். அப்போ கால் இப்படிப் பின்னிக்கிச்சாம். பாப்பாவுக்கு என்னவா இருக்கும் கண்ணு?"

"பசிக்குது, அப்பத்தா."

"சரி, வயித்தைத் தொட்டுப் பாரு. மேல் வயிறு கூப்பிடுதா, அடி வயிறு கூப்பிடுதா?"

தப்பான பதில் வந்தால் திருத்தாதீர்கள். பசி என்று சொன்னால் பொம்மைக்கு ஒரு வாய் ஊட்டுங்கள். பிறகும் கால் ஆடட்டும். "சாப்பிட்டாச்சு, ஆனா கால் இன்னும் ஆடுதே?" என்று வியப்போடு பிள்ளையைப் பாருங்கள். தானே கண்டுபிடித்தது மறக்காது.

நடுவில் ஒரு நாள் பொம்மை நனைத்துக்கொள்ளட்டும். "ரயில் முக்கியம்னு நின்னுடுச்சு, நனைஞ்சிடுச்சு. துடைச்சிக்கலாம், வேற துணி கட்டலாம்." இதே குரலில், இதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லாமல். பொம்மையைத் திட்டினால் பிள்ளை அதைத் தனக்கென்று எடுத்துக்கொள்ளும்.

படி 4: அந்த "அப்பாடா"வை விட்டுவிடாதீர்கள்

என் கணக்கில் இதுதான் எல்லாவற்றிலும் பெரிய படி. பொம்மை போய்விட்டு வந்ததும் விளையாட்டை முடித்துவிடாதீர்கள். தோளைத் தளர்த்தி, நீளமாக மூச்சை விட்டு, "அப்பாடா! இறுக்கம் போச்சு, வயிறு லேசாச்சு" என்று பொம்மையின் குரலில் சொல்லுங்கள். பொம்மை உடனே ரயிலுக்கே ஓடிப் போகட்டும், முன்னைவிடச் சந்தோஷமாக விளையாடட்டும்.

பிள்ளைகள் அடக்கிக்கொண்டு நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம் விளையாட்டு போய்விடுமோ என்ற பயம். எழுந்து போனால் ரயிலை அண்ணன் எடுத்துக்கொள்வான் என்று நினைக்கிறார்கள். போய்விட்டு வந்தாலும் ரயில் அங்கேயே இருக்கிறது, உடம்பும் சுகமாக இருக்கிறது என்று பொம்மை காட்டுகிறது. அதனால் நிஜத்திலும் அந்த ரயிலைக் காப்பாற்றிக் கொடுங்கள். பிள்ளை கழிவறைக்குப் போயிருக்கும்போது அதன் விளையாட்டுச் சாமானை யாரும் தொடக்கூடாது, எடுத்தும் வைக்கக்கூடாது என்று வீட்டில் கறாராகச் சொல்லிவிடுங்கள்.

படி 5: பிள்ளை அம்மா, நீங்கள் பொம்மை

இரண்டு மூன்று நாள் கழித்து இடம் மாறுங்கள். நீங்கள் காலைப் பின்னிக்கொண்டு நெளியுங்கள். பிள்ளை உங்களைப் பார்த்துச் சொல்லட்டும், கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டு போகட்டும். நீங்கள் வேண்டுமென்றே "எனக்கு ஒண்ணும் வரலையே!" என்று சொல்லிப் பாருங்கள். "வருது, கால் ஆடுது பாரு" என்று பிள்ளை அடித்துச் சொன்னால் அது அடுத்த படிக்குத் தயார்.

படி 6: தன் உடம்புக்கு

இனிமேல் "வருதா?" என்று கேட்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள். கேள்விக்கு "வரல" என்பது சுலபமான பதில். கண்டதைச் சொல்லுங்கள்: "பாப்பாவுக்கு ஆடின மாதிரி உன் காலும் ஆடுது. அடிவயித்துல கை வச்சுப் பாரு." அவ்வளவுதான். பிள்ளை தொட்டுப் பார்க்கட்டும், யோசிக்கட்டும். போகாமல் நனைத்துவிட்டாலும் பரவாயில்லை, அடுத்த முறை ஆகட்டும். போய்விட்டு வந்ததும் மறுபடி கை வைக்கச் சொல்லி, "இப்ப எப்படி இருக்கு?" என்று கேளுங்கள். கேள்வி இங்கேதான் பொருத்தம். சுகத்தைப் பற்றிப் பிள்ளை பொய் சொல்லத் தேவையில்லை.

மிட்டாய், ஸ்டிக்கர் போன்ற பரிசுகள் எனக்கு அவ்வளவாக உடன்பாடில்லை. கவனம் மிட்டாய்க்குப் போய்விடும், வயிற்றுக்குப் போகாது.

படி 7: நிஜக் கழிவறை

ரங்கூன் மாடி வீடுகளில் குத்தவைக்கும் கழிவறைதான் அதிகம். குத்தவைப்பது குடலுக்கு நல்ல அமைப்பு, மலம் இறங்கும் பாதை நேராகிறது. ஆனால் சின்னப் பிள்ளைக்கு அந்தக் குழியும் ஈரத் தரையும் பயம். ஒரு செருப்புப் பெட்டியில் ஓட்டை வெட்டி, பொம்மையை அதில் முதலில் குத்தவையுங்கள். பிறகு கழிவறை வாசலில், பிறகு உள்ளே. பிள்ளையின் இரண்டு கையையும் நீங்கள் முன்னால் நின்று பிடித்துக்கொள்ளுங்கள். உட்காரும் கழிவறை என்றால் கால் தொங்கக்கூடாது, ஒரு முக்காலி போடுங்கள்.

கரண்ட் போகும் இரவுகளுக்குத் தனி ஒத்திகை வேண்டும். இருட்டுக்குப் பயந்தே அடக்கும் பிள்ளைகள் இங்கே ஏராளம். பகலிலேயே ஜன்னலைச் சாத்தி, பொம்மையின் கையில் டார்ச் கொடுத்துக் கழிவறை வரை நடத்திக்கொண்டு போங்கள். டார்ச் எப்போதும் ஒரே ஆணியில் தொங்கட்டும், பிள்ளைக்கு எட்டும் உயரத்தில்.

ரெண்டுக்குப் போகப் பழக்க நல்ல நேரம் சாப்பிட்ட பிறகு 15 முதல் 30 நிமிடம். வயிறு நிறைந்ததும் பெருங்குடல் அசையத் தொடங்கும். ஐந்து நிமிடம் உட்காரட்டும், வராவிட்டால் எழுந்துவிடலாம்.

பசி, தாகம், வெக்கை, தூக்கம்

பசிக்கு மொய்ங்கா (பர்மிய மீன் குழம்பு நூடுல்ஸ்) கடை விளையாட்டை அடிக்க வேறில்லை. பிள்ளை கடைக்காரர், பொம்மை வாடிக்கையாளர். "வயிறு எவ்வளவு காலியா இருக்கு? சின்னக் கிண்ணமா, பெரிய கிண்ணமா?" பாதியில் பொம்மை கிண்ணத்தைத் தள்ளி வைத்து "போதும்" என்று சொல்லட்டும், கடைக்காரர் அதை ஏற்றுக்கொள்ளட்டும். நிறைந்த வயிறும் ஒரு செய்திதான். வீட்டுச் சாப்பாட்டில் "இன்னும் ஒரு வாய், அம்மாவுக்காக" என்று ஊட்டிவிட்டு, பிள்ளைக்குத் தன் பசி தெரியவில்லையே என்று கவலைப்படுவதில் அர்த்தமில்லை.

தாகத்துக்கு நம் ஊர்த் தெருவோரத் தண்ணீர்ப் பானைகள் இருக்கின்றன. வழிப்போக்கர்களுக்காக வீட்டு வாசலில், மரத்தடியில் பர்மியர்கள் வைக்கும் அந்த மண்பானை மேடையை வீட்டில் இரண்டு கிண்ணத்தை வைத்தே செய்துவிடலாம். நடந்து வந்த பொம்மைக்கு நாக்கு ஒட்டுகிறது, உதடு காய்கிறது. ஒரு மடக்கு குடித்ததும் தண்ணீர் தொண்டையிலிருந்து நெஞ்சுக்கு இறங்குவதை விரலால் கோடு இழுத்துக் காட்டுங்கள். நிஜத் தண்ணீரில் பிள்ளையும் அதைக் கவனிக்கும்.

ஏப்ரலில் வெயில் 37, 38 டிகிரியைத் தொடும்போது, உரைத்துக் கன்னத்தில் பூசும் தனாக்கா மரக்கட்டை இருக்கவே இருக்கிறது. கல்லில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுக் கட்டையை உரைப்பதைப் பிள்ளையே செய்யட்டும். பொம்மையின் கன்னத்தில் ஒரு கோடு, தன் கன்னத்தில் ஒரு கோடு. கன்னத்தை முதலில் தொட்டுச் சூட்டைப் பார்த்து, பூசிய பிறகு ஜில்லென்று ஆவதை உணரட்டும். காய்ந்ததும் இழுத்துப் பிடிப்பதையும் கேளுங்கள்.

தூக்கத்துக்கு அதிகம் சொல்ல இல்லை. பொம்மை கண்ணைக் கசக்கும், காரணமில்லாமல் சிணுங்கும், கொட்டாவி விடும். பிள்ளை தட்டிக்கொடுத்துத் தூங்கவைக்கும். 3, 4 வயதுக்கு, பகல் தூக்கத்தையும் சேர்த்து, ஒரு நாளைக்கு 10 முதல் 13 மணி நேரம் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அது கிடைக்காத பிள்ளைக்கு எந்த விளையாட்டும் ஏறாது.

கொஞ்சம் கூடுதல் பொறுமை வேண்டிய பிள்ளைகள்

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் சிலருக்கு உள்ளிருந்து வரும் செய்தி மெல்லியதாகத்தான் எட்டும், சிலருக்கு வலியைப் போல உறைக்கும். பாவனை விளையாட்டே அவர்களுக்குப் பிடிக்காமல் போகலாம். அப்போது பொம்மையை வற்புறுத்தாதீர்கள். சாஸ் பாட்டிலை மட்டும் கையில் கொடுங்கள், அல்லது கழிவறையின் படத்தை எடுத்துக் காட்டுங்கள். நேரம் வைத்துக் கூட்டிக்கொண்டு போவதும் தப்பே இல்லை. போய்விட்டு வந்த பிறகு வயிற்றில் கை வைக்கும் பழக்கத்தை மட்டும் விடாமல் செய்யுங்கள்.

மருத்துவரிடம் போகவேண்டியது எப்போது

ஒன்னுக்குப் போகும்போது எரிச்சல், வலி, இரத்தம், காய்ச்சல் இருந்தால் அது விளையாட்டால் தீராது. வயிற்றுப்போக்கிலோ காய்ச்சலிலோ 6 முதல் 8 மணி நேரம் ஒன்னுக்கே போகாமல் வாய் வறண்டு துவண்டால் உடனே கிளம்புங்கள். நன்றாகப் போய்க்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று தண்ணீராகக் குடித்து, அடிக்கடி போய், மெலியவும் செய்தால் அன்றே சர்க்கரை பார்க்க வேண்டும். மலம் கெட்டியாகி வலித்த பிள்ளை அடுத்த முறை அடக்கும், அடக்கினால் இன்னும் கெட்டியாகும். நாளாக ஆக, தேங்கியதைச் சுற்றித் தண்ணீராகக் கசிந்து ஜட்டியில் படும். அது பிள்ளையின் அழிச்சாட்டியம் அல்ல, மலச்சிக்கல். முதலில் அதற்கு வைத்தியம், பிறகுதான் பொம்மை. இரவில் படுக்கையை நனைப்பதை 5 வயதுக்கு முன் நோயாக எண்ண வேண்டாம்.

பள்ளி திறக்கும் முன்

வீட்டில் கற்றது வகுப்பில் உதவ வேண்டுமென்றால் பிள்ளைக்குப் பர்மியச் சொல்லும் வேண்டும். கடைசி இரண்டு வாரம் பொம்மையைப் பள்ளிக்கு அனுப்புங்கள். நீங்கள் சயாமா, அதாவது டீச்சர். பொம்மை கையைத் தூக்கி "ஷூஷூ பௌக் ச்சின் தே" என்று கேட்கட்டும். பசிக்கு "பைக் ஸா தே", தாகத்துக்கு "யே ஙத் தே". ஒரு முறை சயாமா வேறு பக்கம் திரும்பி நிற்கட்டும், பொம்மை இரண்டாம் முறை உரக்கக் கேட்கட்டும். முதல் தடவை காதில் விழாவிட்டால் அப்படியே வாயை மூடிக்கொள்ளும் பிள்ளைகள்தான் வகுப்பில் நனைக்கிறார்கள்.

நிஜ சயாமாவிடமும் முன்கூட்டியே இரண்டு விஷயம் சொல்லி வையுங்கள்: பிள்ளைக்கு முட்டும்போது உடம்பில் தெரியும் அடையாளம் எது, வாய் வராவிட்டால் கையால் காட்டும் சைகை எது. பள்ளிக் கழிவறையை முதல் நாளே பிள்ளையோடு உள்ளே போய்ப் பார்த்துவிடுங்கள். கதவு எப்படித் திறக்கிறது, தண்ணீர் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளட்டும். பையில் மாற்று ஜட்டி இரண்டு, ஈரத்தைச் சுருட்ட ஒரு பிளாஸ்டிக் பை.